தோஷத்துக்கு ஒரு பெட்டி

“…ஆர் திறந்த எண்டு கேட்டாப் பேர் சொல்ல மாட்டன். பெட்டி என்ட, பூட்டு என்ட, வாசல் கதவும் என்ட. உள்ள வாங்க எண்டு கூப்பிட்டதும் என்ட வாய்தான். கை தூக்கப் போறீங்களெண்டாத் தூக்குங்க. பேர் மட்டும் கேட்காதீங்க.”

நோர்வேயின் மோர்டென்ஸ்ருடில் நாங்கள் இருந்த குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் அது. நிலக்கீழ் அறையில், மடிப்புக் கதிரைகளுக்கு நடுவே எழுந்து நின்று அக்கா இப்படிச் சொன்னார். முதலில் நோர்வேஜிய மொழியில், கூட்டத் தலைவியைப் பார்த்து. பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், ஒரு சொல்லும் குறைக்காமல். தமிழர்கள் நாங்கள் வழக்கம்போலப் பின்வரிசையில் ஒன்றாக இருந்தோம். பனி கரைந்துபோய், வழுக்காமல் இருக்கப் போட்ட சரளைக்கல் மட்டும் நடைபாதையில் மிஞ்சியிருந்த காலம். எல்லோருடைய சப்பாத்துக்கு அடியிலும் அது நறநறத்துக்கொண்டிருந்தது. அக்கா பேசி முடித்ததும் அந்தச் சத்தமும் நின்றுபோனது.

விஷயம் இதுதான். அக்காவிடம் ஒரு பாம்பும் இரண்டு பெரிய மயிர்ச் சிலந்திகளும் இருந்தன. பாம்பு பெட்டியை விட்டு ஒரு தடவை வெளியேறிவிட்டது. இனி இந்தக் கட்டடத்தில் பாம்பு, சிலந்தி ஒன்றும் கூடாது என்று ஒரு பிரேரணை வந்திருந்தது. அது நிறைவேறினால் அவை வெளியே போகவேண்டும். அவை போனால் அக்காவும் போய்விடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்தது அக்கா இல்லை. திறந்தவரின் பெயரைச் சொன்னால் பிரேரணை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அந்த ஆளும் அதே அறையில்தான், எனக்கு இரண்டு கதிரை தள்ளி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அக்காவுக்கும் ஒரு பெயர் உண்டு. பேர் சொல்ல மறுத்த ஒரு மனுசியைப் பற்றி எழுதும்போது அவருடைய பெயரை மட்டும் நான் போட்டு உடைப்பது அழகில்லை. அக்கா என்றே இருக்கட்டும்.

அவர் மட்டக்களப்புப் பக்கம். நாங்கள் ‘பிறகு’ என்கிற இடத்தில் ‘மறுகா’ என்பார். எங்கள் யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகியது, பிறகு அது இல்லாமல் அலுத்துப்போனது. வயோதிபர் இல்லமொன்றில் வேலை. கட்டையான உருவம், வேகமான நடை. எந்தக் குளிரிலும் தன் ஜக்கெற்றின் சிப்பை மூட மாட்டார். அதைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் இரண்டு தரம் மூடி, இழுத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தால்கூட, போகும்போது எங்கள் கதவை வெளியே நின்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

ஆட்கள் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான், காது பெரிது. அக்காவும் நானும் ஒரே படிக்கட்டில் இருந்த வருடங்களில் என் மடி நிறைந்துபோனது.

முதலில் பொறுக்கியது இது. அக்காவின் கலியாணம் சரிவராமல் போய், அவர் தனியாக அந்த வீட்டுக்கு வந்த புதிது. மூன்றாம் மாடியில் சரோ அன்ரி இருந்தார். எல்லோருடைய சாதகமும் அவருக்குத் தெரியும், எல்லோருடைய நேர்த்திக்கடனும் அவருக்குத் தெரியும். நல்ல மனுசி. நல்லது செய்ய வேண்டுமென்று வந்துவிட்டால் அவரைத் தடுக்க முடியாது. அவர்தான் அக்காவிடம், “பிள்ளை, உனக்கு நாகதோஷம் எண்டு நினைக்கிறன். அதுதான் ஒண்டும் நிலைக்குதில்லை. ஊருக்குப் போகேக்கை நாகதம்பிரான் கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வா,” என்றார்.

அக்கா ஊருக்குப் போகவில்லை. அடுத்த மாதம் ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கினார்.

“தோஷம் தோஷமெண்டு எல்லாரும் சொல்றாங்க புள்ள. அது எனக்குப் பின்னால திரிஞ்சு நான் என்ன செய்யிற? அதுக்கு ஒரு பெட்டி கட்டி, சூடும் தண்ணியும் வச்சு, எனக்கு முன்னால இருத்தப் போறன்.”

நோர்வேயில் அதுவரை பாம்பு வளர்க்கத் தடை இருந்தது. சில இனங்களுக்கு அனுமதி வரப்போகிறது என்ற பேச்சு அப்போதுதான் அடிபட்டது. ஒளித்து வளர்க்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள், அக்காவுக்கும் ஒருவர் தருவதாகச் சொன்னார். “களவா வந்த பாம்புக்குக் களவாத்தான் சாப்பாடு வைக்கோணும், களவாத்தான் வைத்தியரிட்டக் காட்டோணும். எனக்கு அந்தக் குடித்தனம் வேணாம்,” என்று மறுத்துவிட்டார். ஆனால் பெட்டியை மட்டும் வாங்கிவிட்டார். பாவித்த பெட்டி. அதைத் தூக்கிவர நானும் போனேன். ரி-பானே ரயிலில் அதை இருக்கையில் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தோம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், உள்ளே என்ன என்று கேட்டார். “இன்னும் ஒண்டுமில்ல,” என்றார் அக்கா. “வரப்போற ஆளுக்கு வீடு.”

வரப்போகிற ஆள் வர நிறைய நாள் எடுத்தது. அதுவரை வெறும் பெட்டிக்குள் அக்கா குடித்தனம் நடத்தினார். ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் குளிர்ச்சி. சூட்டுக்கு, கீழே விரிக்கிற மின்பாய், அது எல்லை மீறாமல் காக்க ஒரு தெர்மோஸ்டாட். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஆளுக்கு அளவான இரண்டு குகைகள். நடுவில் கவிழாத தண்ணிப் பாத்திரம். தோல் உரிக்கிற காலத்துக்கு ஈரப்பாசி போட்ட ஒரு டப்பா. வேலையால் வந்ததும் வெப்பமானியைப் பார்ப்பார், குகையை ஒரு விரற்கடை நகர்த்துவார், மறுபடி பார்ப்பார்.

“ஏன் அக்கா ரெண்டு குகை? ஒண்டு காணாதே?” என்று கேட்டேன்.

“ஒரு குகை வச்சா, பயம் வந்தா அங்கதான் ஓடும். அந்தப் பக்கம் சூடெண்டா சூட்டைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். பயத்துக்காகச் சூட்டைத் தாங்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் புள்ள. என்ட வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கிடக்கக் கூடாது.”

அவருடைய கலியாணத்தைப் பற்றி நான் அவரிடம் கேட்டு அறிந்தது அவ்வளவுதான். அதுவும் பாம்பைப் பற்றிக் கேட்டபோது வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மரவேலை செய்பவர். அன்பாக ஒரு பை நிறையப் பைன் மரச் சீவல் கொண்டுவந்து தந்தார், நல்ல வாசனை. அக்கா வாங்கி, நன்றி சொல்லி, அதைத் தன் சப்பாத்துத் தட்டில் பரப்பிவிட்டார். “வாசனை எனக்கு நல்லம். அதுக்கு மூச்சு முட்டும்.” பெட்டிக்குள் வாசனையில்லாத அஸ்ப் மரச் சீவல்தான் போனது.

அனுமதி வந்ததும் ஒரு சோளப் பாம்பு வந்து சேர்ந்தது. செம்மஞ்சள் நிறம், பெருவிரல் மொத்தம், நஞ்சு கிடையாது. ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியில் அதன் சாப்பாட்டுக்கு மட்டும் உறைந்த எலிகள். ஏன் நாய் வளர்க்கக் கூடாதா என்று என் மனுசன் ஒருமுறை கேட்டுவிட்டார்.

“நாய் எண்டா நாள் முழுக்க என்ட முகத்தைப் பாத்துக்கொண்டிரிக்கும் தம்பி. என்ட முகத்தைப் பாத்துக்கொண்டிரிக்க எனக்கு ஒருத்தரும் வேணாம்.”

சிலந்திகள் பிறகு வந்தன. பாம்புப் பெட்டியில் ஏற்ற இறக்கம் வைத்தவர், சிலந்திப் பெட்டிகளில் உயரமே வைக்கவில்லை. தேங்காய்த் தும்பு மண்ணை அடிக்கு அடி அமுக்கி, மூடிக்குக் கிட்டவரை நிரப்பினார். விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துவிடுமாம். “பெரிய ஆளெண்டு நினைப்பாங்க, ஒரு முழம் விழுந்தாச் சரி. உயரம் வேணாம், ஆழம் வேணும்.” வேலையிடத்தில் பதவி உயர்வு கிடைத்த தங்கச்சி முறையான ஒருத்திக்கும் இதையே சொல்ல, அவள் கோபித்துக்கொண்டு போனாள்.

ஒருநாள் பெரிய சிலந்தி கால்களை விரித்து, மல்லாந்து கிடந்தது. நான் பதறிப்போய், “அக்கா, இது செத்துப்போச்சு!” என்றேன். பென்சிலால் புரட்டிப் பார்க்கப் போன என் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

“சட்டை மாத்துது. ஆராவது சட்டை மாத்தேக்க கதவைத் திறப்பியா?”

அவர் வீட்டில் வெள்ளிக்கிழமையிலும் சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை. விளக்கு மட்டும். சரோ அன்ரிக்கு இது பெரிய குறை. “வெள்ளிக்கிழமை ஒரு புகை காட்டாத வீடு வீடே, பிள்ளை?” என்பார். அக்காவின் பதில் மாறாது. “சாமிக்கு மன்னிக்கத் தெரியும் சரோக்கா. சிலந்திக்குத் தெரியாது, செத்துப்போயிரும்.”

அக்காவின் வீடு நிலத்தளத்தில். பெட்டிகள் சன்னலுக்கு எதிர்ச்சுவரில். வெயில் நேராகப் படாத இடம், ஆனால் பாதையில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அக்கா திரைச்சேலை போட மாட்டார். சரோ அன்ரியின் மனுசனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். சங்கம், பாடசாலை, விளையாட்டுப்போட்டி என்று எங்கள் ஆட்களின் மானத்தையெல்லாம் அவரே தலையில் சுமந்து திரிபவர்.

“தங்கச்சி, உந்தத் திரையையாவது போடன். வெள்ளையள் என்ன நினைப்பினம்? தமிழர் பாம்பாட்டியள் எண்டு நினைக்க மாட்டினமே?”

“அவங்க என்ன நினைப்பாங்க எண்டு நினைச்சு நினைச்சு, நீங்க என்ன நினைக்கிறீங்க எண்டு ஒருநாளும் நினைக்கல்லையே அண்ணன்.”

“அதுக்கில்லை… கொஞ்சம் ஒளிப்பு மறைப்பா…”

“ஒளியுற இடம் பாம்புக்குத்தான் கட்டினன். எனக்குக் கட்டல்ல.”

அந்த வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அக்கா பாம்புக்குத் தண்ணி மாற்றுவதற்காகப் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டு நின்றார். கதவு மணி அடித்தது. சரோ அன்ரி, குளித்து முழுகி, கையில் மூடிய பையோடு. பாம்பைச் சும்மா பார்க்க வந்தாராம். அக்கா உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஒரு கேத்தில் தண்ணி கொதிக்கிற நேரம். நாங்கள் திரும்பி வரும்போது அன்ரி கைகளைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண்ணாடிக் கதவு மூடியிருப்பதுபோலத்தான் தெரிந்தது, சாவி பூட்டில்தான் இருந்தது. பாம்பு குகைக்குள் இருக்கும் என்று நினைத்தோம். அன்ரி தேத்தண்ணி குடித்துவிட்டு, மனம் குளிர்ந்து போனார்.

அவர் போனதும் அக்கா வழக்கம்போலப் பூட்டை இழுத்துப் பார்த்தார். அது பூட்டியிருக்கவில்லை. கண்ணாடியில் ஒரு விரல் இடைவெளி. தண்ணிப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தம்ளர், பாதிப் பால் சீவலில் ஊறிக் கிடந்தது. மேலே ஒரு செவ்வந்திப்பூ. எங்கள் ஆட்கள் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம் அல்லவா? தம்ளரின் விளிம்பில் சரோ அன்ரியின் பெயர் அழகாக வெட்டியிருந்தது.

இரண்டு குகையும் காலி.

“அக்கா, ஆருக்கும் சொல்லாதேங்கோ. நாங்கள் பேசாமல் தேடுவம்,” என்றேன்.

அக்கா குனிந்து, குசினித் தொட்டிக்குக் கீழே குழாய் போகிற ஓட்டையைப் பார்த்தார். அது அடைக்காமல் இருந்தது. “பெட்டியைப் பாத்தன், சுவரைப் பாக்கல்ல,” என்றார். ஜக்கெற்றைப் போட்டார், சிப்பை மூடவில்லை. முதல் மாடியிலிருந்து கடைசி மாடிவரை ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

“என்ட பாம்பு வெளியில போயிட்டு. நஞ்சில்ல, கடிக்க வராது, பயந்துபோய் எங்கயாவது சூடான இடத்தில கிடக்கும். கண்டா மிதிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க.”

சோமாலியத் தாய் ஒருத்தி கதவை முகத்தில் அடித்துச் சாத்தினாள். மரவேலைக்காரர் டோர்ச் எடுத்துக்கொண்டு கூட வந்தார். மூன்றாம் மாடியில் சரோ அன்ரியின் மனுசன் கதவைத் திறந்து, கேட்டு, “நான் சொன்னனானெல்லே!” என்றார். அவருக்குப் பின்னால் அன்ரியின் முகம் வெள்ளைத் துணிபோல. அக்கா அன்ரியைப் பார்க்காமலே, வந்த விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

“பேசாமத் தேடியிருந்தா இப்பிடி ஏச்சு வாங்கத் தேவையில்லையே அக்கா,” என்றேன் படியில்.

“பேசாமத் தேடினாலும் பாம்பு கிடைக்கும் புள்ள. மறுகா நான் இந்தப் படியில எப்பிடி ஏறி இறங்கிற?”

பிறகு என் வீட்டில் இருந்த அரிசிமாவையும் தன் வீட்டில் இருந்ததையும் எடுத்து, ஒவ்வொரு வாசலுக்கும் குறுக்கே, நிலக்கீழ்ப் படிகளுக்கும் குறுக்கே, மெல்லிய கோடாகத் தூவினார். பாம்பு போனால் தடம் விழும். ஆட்கள் பாய்ந்து பாய்ந்து நடந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், இது உங்கள் திருவிழாவா என்று மரியாதையாகக் கேட்டார். “ஓம், பாம்புத் திருவிழா. தேர்தான் இன்னும் வரல்ல,” என்றார் அக்கா.

அடுத்த நாள், சலவை அறை வாசல் மாவில் அலையலையாக ஒரு கோடு. உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால், சூட்டில், சுருண்டு கிடந்தது. அக்கா இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, ஜக்கெற்றுக்குள் வைத்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிப்பை மூடினார். அதே கையோடு மற்றக் கதவுகளையும் தட்டி, கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

அன்றைக்குப் பின்னேரம் குழாய் ஓட்டையை அடைத்தார். பால் ஊறிய சீவலையெல்லாம் கொட்டி, பெட்டியைக் கழுவி, புதிதாகப் போட்டார். தம்ளரையும் கழுவினார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள்தானே. அக்கா அதில் சீனியை நிரப்பி, மேலே கொண்டுபோய் அன்ரியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

அன்ரியின் மனுசனுக்கு அந்தத் தம்ளரின் கதை தெரியாது. பிரேரணை கொண்டுவந்தது அவர்தான்.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். அவர் எழுந்து, எங்கள் சமூகத்தின் பொறுப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு என்றெல்லாம் நல்ல நோர்வேஜிய மொழியில் பேசினார். கடைசியில், “பூட்டுப் பூட்டு எண்டு சொல்லுறா. அப்ப ஆர் திறந்தது? ஒண்டில் இவ கவனமில்லை, இல்லாட்டி வேறை ஆரோ திறந்திருக்கோணும். ஆரெண்டு சொல்லட்டும்!” என்று எங்கள் பக்கம் பார்த்துத் தமிழிலும் கேட்டார். தலைவியும் அக்காவிடம் அமைதியாக, அதைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றார். அதற்குத்தான் அக்கா நான் முதலில் எழுதிய பதிலைச் சொன்னார்.

சரளைக்கல் சத்தம் நின்றது என்று சொன்னேனே, அந்த அமைதியில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. சரோ அன்ரி எழும்பி நின்றார்.

“நான்தான் திறந்தனான்.”

“எடியே, என்ன கதைக்கிறாய்?” என்றார் மனுசன்.

“நான்தான் திறந்தனான். பால் வைச்சனான். திருப்பிப் பூட்டேல்லை, வேணுமெண்டுதான் பூட்டேல்லை. நாகதம்பிரானைப் பூட்டி வைக்கிறது பாவம். இப்பவும் கேட்டா அதைத்தான் சொல்லுவன். ஆனா அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. அவ எனக்குச் சீனி போட்டுத் தந்தவ.”

சீனியை எப்படி நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், நான் முதல் பாதியை மட்டும் தலைவிக்குச் சொன்னேன். அக்கா என்னை மறித்து, “எல்லாத்தையும் சொல்லு, சீனியையும் சொல்லு,” என்றார். சொன்னேன். மரவேலைக்காரர் பெரிதாகச் சிரித்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. பிரேரணைக்கு ஆதரவாக அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சில கைகள். கதவைச் சாத்திய சோமாலியத் தாயின் கை எழும்பவில்லை. கதவைத் தட்டி நேரே சொன்னது அக்கா ஒருத்திதான் என்று பக்கத்திலிருந்தவரிடம் அந்தத் தாய் சொல்வது எனக்குக் கேட்டது. அன்ரியின் மனுசனுடைய கை பாதிவரை எழும்பி, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. பிரேரணை விழுந்தது.

அக்கா ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. அன்ரியின் முழங்கையைப் பிடித்து, “வாங்க,” என்று தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்ரி திட்டு விழப்போகிறது என்ற முகத்தோடு நடந்தார். அவரைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, “கும்பிடுங்க பாப்பம்,” என்றார் அக்கா. அன்ரி விளங்காமல் கையைக் கூப்பினார். கூப்பிய கைக்குச் சற்றுக் கீழே, பெட்டி நிற்கிற மேசைக் காலில், அக்கா பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

பெட்டிக்கு மேசை செய்தபோது மிஞ்சிய பலகைத் துண்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. இயந்திரத்தால் துளைத்தால் பாம்புக்கு அதிர்வு ஏறும் என்று, கைத் திருப்புளியால் ஒவ்வொரு திருகாணியாக, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக முறுக்கி, அந்தக் கோட்டில் ஒரு சின்னத் தட்டுப் பொருத்தினார். கண்ணாடிக்கு வெளியே, பூட்டுக்கு இந்தப் பக்கம்.

“பாலை இதில வைங்க, பூவை இதில வைங்க. புகை மட்டும் உங்கட வீட்டில.”

“அப்ப பூட்டு?” என்றார் சரோ அன்ரி, விட்டுக்கொடுக்காமல்.

அக்கா பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கேத்திலில் தண்ணி பிடிக்கப் போனார்.